நல்லவர்கள்தானே கஷ்டப்படுகிறார்கள்? அரிஸ்டாட்டிலிடம் கேட்டால்...

கேள்வி இது: "நல்ல குணம் இருந்தால் மகிழ்ச்சி தானாக வரும் என்று பழைய கிரேக்கத் தத்துவவாதிகள் சொன்னதாகப் படித்தேன். நான் பார்த்தவரை நல்லவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். அவர்கள் உலகம் தெரியாமல் பேசினார்களா?"

உலகம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நல்லவன் தலையிலும் இடி விழும் என்பதை மேடை போட்டு நாடகமாக நடித்துப் பார்த்து அழுத சமூகம் அது. சிக்கல், நீங்கள் படித்த வாக்கியத்தில் இருக்கும் "மகிழ்ச்சி" என்ற சொல்லில்தான்.

அவர்கள் பயன்படுத்திய சொல் யூதைமோனியா. "யூ" என்றால் நல்ல. "தைமோன்" என்றால் ஒருவரோடு கூடவே வரும் தெய்வம் மாதிரியான ஒன்று. நல்ல தெய்வத் துணை வாய்த்த வாழ்க்கை என்பது அதன் வேர்ப்பொருள். நாம் ஒருவரைப் பார்த்து "கொடுத்து வைத்தவர்" என்கிறோம். இறந்தவரைப் பற்றி "நல்லா வாழ்ந்த மனுஷன்" என்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ யூதைமோனியா இருக்கிறது. காலையில் எழுந்து "இன்றைக்கு மனசு லேசாக இருக்கிறது" என்று சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இதைப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லும் ஒரு கதையில் தெளிவாகப் பார்க்கலாம். லிடியா நாட்டு அரசன் குரோசஸ் செல்வத்துக்குப் பேர்போனவன். அவன் தலைநகரான சார்டிஸ் இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம் இருக்கிறது. ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்துக் கொடுத்த சோலோன் அங்கே விருந்தாளியாக வருகிறார். வேலைக்காரர்களை விட்டு அவருக்குக் கஜானாவைச் சுற்றிக் காட்டச் சொல்கிறான் அரசன். பிறகு, ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்கிறான்: "எத்தனையோ ஊர் பார்த்தவர் நீங்கள். மனிதர்களில் யார் மிகவும் கொடுத்து வைத்தவர்?"

"டெல்லஸ்" என்கிறார் சோலோன். யார் அது? ஏதென்ஸ்காரன். நல்ல பிள்ளைகள் பெற்றான். பேரப்பிள்ளைகள் பிறந்து ஒன்றும் குறையாமல் இருக்கப் பார்த்தான். எலியூசிஸ் பக்கம் நடந்த சண்டையில் எதிரிகளை விரட்டிவிட்டு விழுந்தான். விழுந்த இடத்திலேயே ஊர் அவனைப் பொதுச் செலவில் அடக்கம் செய்தது.

சரி, இரண்டாவது இடமாவது நமக்குத்தான் என்று அரசன் நினைக்கிறான். அதுவும் இல்லை. ஆர்கோஸ் ஊரில் கிளியோபிஸ், பிட்டோன் என்று அண்ணன் தம்பி. ஹீரா தேவியின் திருவிழாவுக்கு அம்மா வண்டியில் போக வேண்டும். வயலுக்குப் போன மாடுகள் திரும்பவில்லை. பிள்ளைகளே நுகத்தைத் தோளில் வைத்து 45 ஸ்டேடியா, அதாவது எட்டு கிலோமீட்டருக்கு மேல், வண்டியை இழுத்துக்கொண்டு கோயிலில் சேர்த்தார்கள். ஊரே பாராட்டுகிறது. பூரித்துப்போன அம்மா, மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்ததை இவர்களுக்குக் கொடு என்று தேவியிடம் வேண்டுகிறாள். விருந்து முடிந்து கோயிலிலேயே படுத்த பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

குரோசஸுக்குக் கோபம். அதற்கு சோலோன் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: எழுபது வருஷ ஆயுள் என்றால், நாட்காட்டியைச் சரிசெய்யச் சேர்க்கும் இடைமாதங்களோடு 26,250 நாள், அதில் ஒரு நாள் கொண்டுவருவதை இன்னொரு நாள் கொண்டுவருவதில்லை. முடிவு தெரியும்வரை யாரையும் அப்படிச் சொல்லாதே. அப்புறம் நடந்தது நடந்தது. மகன் அதிஸ் காட்டுப்பன்றி வேட்டையில் ஈட்டி பட்டுச் செத்தான், கி.மு. 546 வாக்கில் பாரசீகத்தின் சைரஸ் சார்டிஸைப் பிடித்தான். சிதையில் ஏற்றப்பட்ட குரோசஸ் "சோலோன்" என்று மூன்று தடவை கூப்பிட்டான் என்கிறது கதை. (சோலோனும் குரோசஸும் சந்தித்ததற்குக் காலக்கணக்கு இடிக்கிறது என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். கதை என்றே வைத்துக்கொள்வோம்.)

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெல்லஸ் உள்ளுக்குள் எப்படி உணர்ந்தான் என்று சோலோன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. யூதைமோனியா ஒரு முழு வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு.

இருநூறு வருஷம் கழித்து அரிஸ்டாட்டில் இந்தத் தீர்ப்பை எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார். அவர் ஏதென்ஸ்காரர் இல்லை. கி.மு. 384இல் வடக்கே ஸ்டாகிரா என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா மாசிடோனிய அரசரின் மருத்துவர். பதினேழு வயதில் தத்துவவாதி பிளாட்டோவின் பள்ளியான அகாதெமியில் சேர்ந்து இருபது வருஷம் இருந்தார். நமக்குக் கிடைத்திருக்கும் "நிக்கோமாக்கிய அறவியல்" பத்துப் பகுதி கொண்டது. பாடக் குறிப்பு மாதிரித்தான் இருக்கும். பிளாட்டோவின் அழகை அதில் தேடாதீர்கள்.

செத்த பிறகுதான் ஒருவனை நன்றாக வாழ்ந்தான் என்று சொல்ல முடியுமா, இது என்ன கூத்து என்று கேட்கிறார் அரிஸ்டாட்டில். அவரைப் பொறுத்தவரை யூதைமோனியா ஒரு நிலைமையோ சொத்தோ இல்லை, செயல். ஒலிம்பிக்கில் மாலை விழுவது இருப்பவர்களிலேயே பலசாலிக்கோ அழகனுக்கோ அல்ல, களத்தில் இறங்கிப் போட்டி போடுகிறவர்களுக்குத்தான் என்கிறார். நல்ல குணத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தூங்குகிறவனையும் நல்லவன் என்று சொல்லலாம், ஆனால் நன்றாக வாழ்கிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே மூச்சில் ஒரு பழமொழியும் வருகிறது: ஒரு தகைவிலான் குருவி வந்தால் வசந்தம் வந்துவிடாது, ஒரு நாளும் அப்படித்தான். முழு ஆயுள் வேண்டும் என்ற சோலோனின் பாதியை வைத்துக்கொண்டு, சாவு வரை காத்திரு என்ற மீதியை விட்டுவிடுகிறார்.

அப்படியானால் எந்தச் செயல்? இங்கே இரண்டாவது சொல் வருகிறது: அரெத்தே. இதை "அறம்" என்று மொழிபெயர்க்கக் கை துறுதுறுக்கும். ஒலி ஒற்றுமை தற்செயல்தான். பொருளும் முழுதாக ஒட்டாது. கத்திக்கு அரெத்தே உண்டு, கூர்மை. குதிரைக்கு உண்டு, நன்றாக ஓடுவது, எதிரியைக் கண்டு மிரளாமல் நிற்பது. கண்ணுக்கும் உண்டு. எது எதற்காக இருக்கிறதோ அதை நன்றாகச் செய்ய வைக்கும் தன்மைதான் அரெத்தே. தச்சனுக்கும் செருப்புத் தைப்பவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது, மனிதனாக இருப்பதற்கு மட்டும் வேலையே இல்லையா என்று கேட்டு, யோசித்து வாழ்வதுதான் அந்த வேலை, அதை நன்றாகச் செய்வதுதான் யூதைமோனியா என்று முடிக்கிறார்.

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள். தச்சுவேலையை மனிதர்கள் உண்டாக்கினார்கள், அதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. மனிதனையே யாரோ ஒரு நோக்கத்துக்காகச் செய்தார்களா என்ன? எனக்கும் இந்த இடம் முழுதாகச் செரிக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டியது இதிலேயே கிடைத்துவிட்டது. "நல்லவனாக இரு, கூலியாக மகிழ்ச்சி தருகிறேன்" என்று அவர் சொல்லவே இல்லை. வீணை கற்றவனுக்கு நன்றாக வாசிப்பதே காரியம். வாசித்து முடித்த பிறகு கைக்கு வரும் பரிசு வேறு விஷயம். நல்ல குணத்துக்கும் நல்ல வாழ்வுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

குணம் எப்படி வருகிறது என்ற பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் படிக்கும்போது புரிய வைக்கத் திணற வேண்டிய ஒரு சொல்விளையாட்டு தமிழில் சுலபமாக வருகிறது. எத்தோஸ் என்றால் பழக்கம். ஏத்தோஸ் என்றால் குணம். குறில் கொஞ்சம் நீண்டு நெடிலாகிறது, பழக்கம் நீண்டு குணமாகிறது. அரிஸ்டாட்டிலே இதைச் சுட்டிக்காட்டுகிறார். கல்லைப் பத்தாயிரம் தடவை மேலே எறிந்தாலும் மேலே போகப் பழகாது. மனிதன் பழகுவான். வீடு கட்டிக் கட்டிக் கொத்தனார் ஆகிறான். நியாயமாக நடந்து நடந்து நியாயவான் ஆகிறான். பயப்பட வேண்டிய இடத்தில் நின்று நின்று தைரியசாலி ஆகிறான். "சித்திரமும் கைப்பழக்கம்" என்று தொடங்கும் நம் பழைய வெண்பா, கொடையைப் பிறவிக் குணம் என்று முடிக்கும். அரிஸ்டாட்டில் முதல் அடிக்குத் தலையாட்டியிருப்பார், கடைசி அடியில் எழுந்து நின்று மறுத்திருப்பார். கொடையும் கைப்பழக்கம்தான் அவருக்கு.

நல்லவன் ஆக நல்ல காரியம் செய்ய வேண்டும், நல்ல காரியம் செய்ய முதலில் நல்லவனாக இருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியை அவரே எழுப்புகிறார். எழுத்துக்கூட்டி ஒருவன் தற்செயலாகச் சரியாக எழுதிவிடலாம், பிறர் சொல்லித் தந்தும் எழுதலாம். இலக்கணம் தெரிந்து எழுதுவது வேறு. தொடக்கத்தில் எல்லோரும் சொல்லித் தந்ததைத்தான் செய்கிறோம். அறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலே போதும் என்று நினைப்பவர்களை, டாக்டர் சொல்வதை எல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு எதையும் செய்யாத நோயாளிகளோடு ஒப்பிடுகிறார். மருத்துவர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இங்கிருந்து அவர் நம்மில் பலர் ஒப்பாத ஓர் இடத்துக்குப் போகிறார். விருந்தில் மூன்றாவது கிண்ணம் மது நீட்டப்படுகிறது, அது வேண்டாத கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு ஆசையே வரவில்லை, மறுக்கிறான். இன்னொருவன் ஆசையோடு போராடி மறுக்கிறான். மூன்றாமவன் தப்பு என்று தெரிந்தே குடித்துவிட்டு மறுநாள் வருந்துகிறான். நான்காமவனுக்கு அது தப்பாகவே படவில்லை. போராடி வென்ற இரண்டாமவனுக்குத்தானே நாம் கைதட்டுவோம்? அரிஸ்டாட்டில் முதல் ஆளைத்தான் மேலே வைக்கிறார். நல்லதைச் செய்வதில் சந்தோஷப்படாதவன் இன்னும் நல்லவன் ஆகவில்லை என்று கறாராகவே சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பவன் கொடையாளி இல்லை. உங்கள் கேள்வியின் "மகிழ்ச்சி" கடைசியில் உள்ளே வருவது இந்த வழியாகத்தான்: பழகிய கைக்கு வேலையில் வரும் ருசி.

மூன்றாமவன் விஷயத்தில் மூன்று தலைமுறைச் சண்டையே இருக்கிறது. தெரிந்தே யாரும் தப்புச் செய்வதில்லை, தப்புச் செய்கிறவனுக்கு நல்லது எது என்று உண்மையில் தெரியவில்லை என்றார் சாக்ரடீஸ். அவர் மாணவர் பிளாட்டோ தன் "குடியரசு" நூலில் லியோன்ஷியஸ் என்பவனின் கதையை அதே சாக்ரடீஸின் வாயால் சொல்ல வைக்கிறார். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மதில் ஓரமாக ஊருக்கு ஏறி வருகிறான். கொலைத் தண்டனை நிறைவேற்றுபவன் பக்கத்தில் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க ஆசை, பார்க்க அருவருப்பு. முகத்தை மூடிக்கொள்கிறான். கடைசியில் தாங்காமல் கண்ணை அகல விரித்துக்கொண்டு ஓடிப்போய்த் தன் கண்களையே திட்டுகிறான்: "பாருங்கள், பாவிகளே, வயிறு நிறையப் பாருங்கள்!" விபத்து வீடியோவை வேண்டாம் வேண்டாம் என்றே திறந்து பார்த்தவர்களுக்கு இவனைத் தெரியும். மனம் ஒன்றல்ல, அதற்குள் ஆசை, ரோஷம், அறிவு என்று மூன்று இருக்கின்றன என்பது பிளாட்டோவின் முடிவு. அரிஸ்டாட்டில் நடுவில் ஒரு வழி பிடிக்கிறார். அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிவது, குடித்தவன் தத்துவக் கவிஞர் எம்பிடாக்ளிஸின் வரிகளை ஒப்பிப்பது போன்ற தெரிவு. வாய் சரியாகச் சொல்லும், உள்ளே இறங்கியிருக்காது.

நற்குணம் அதிகத்துக்கும் குறைவுக்கும் "நடு"வில் இருக்கிறது என்பார் அரிஸ்டாட்டில். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் என்றாலே "எல்லாவற்றிலும் மிதமாக இரு" என்று சுருக்கிவிடுகிறார்கள். நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், சப்பென்று இருந்தது. அவர் தரும் எடுத்துக்காட்டு குரோட்டன் ஊர் மல்லன் மைலோ. பத்து மினா (பழைய கிரேக்க எடை) சாப்பாடு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால் பயிற்சியாளர் கூட்டி வகுத்து எல்லோருக்கும் ஆறு போடுவாரா? மைலோவுக்கு அது பத்தாது, புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வயிறு வெடிக்கும். கோபப்படுவது யாருக்கும் எளிது. சரியான ஆள் மேல், சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான காரணத்துக்காகக் கோபப்படுவதுதான் கடினம். பெரிய அநியாயத்துக்கு மிதமாகக் கோபப்படுவதும் குறி தவறுவதே. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபமே வராதவனை அவர் அசடு என்கிறார். சில காரியங்களுக்கு நடு என்பதே கிடையாது. பிறன்மனை சேர்வதில் சரியான பெண், சரியான நேரம், சரியான முறை என்று ஒன்று இருக்க முடியுமா என்று கேட்கும்போது அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

இனி உங்கள் கேள்வியின் முள்ளுக்கு வருகிறேன். நல்லவன் தலையில் இடி விழுந்தால்?

சாக்ரடீஸ் தன் விசாரணையில் சொன்ன பதில், நல்லவனுக்குத் தீங்கே நேர முடியாது என்பது. கி.மு. 399இல், எழுபது வயதில், மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகு சொன்னது. பின்னால் வந்த ஸ்டோயிக்குகள் என்ற தத்துவப் பள்ளியினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்: நற்குணம் ஒன்றே போதும், வதைச் சக்கரத்தில் கட்டிப் போட்டாலும் ஞானி யூதைமோன், அதாவது நன்றாக வாழ்கிறவன்தான். அவர்கள் பள்ளி தொடங்குவதற்கு முன்பே அரிஸ்டாட்டில் இதற்குப் பதில் எழுதிவிட்டார். சக்கரத்தில் வதைபடுகிறவனையும் பெரும் துன்பத்தில் விழுந்தவனையும், நல்லவனாக இருந்தால் போதும், நன்றாக வாழ்கிறான் என்று சொல்கிறவர்கள் அர்த்தமில்லாமல் பேசுகிறார்கள் என்கிறார். நண்பர்கள், பிள்ளைகள், ஓரளவு காசு, இதெல்லாம் வேண்டும். இல்லாமல் பல நல்ல காரியங்களைச் செய்யவே முடியாது.

அவர் எடுத்துக்கொள்ளும் ஆள் பிரியம், டிராய் நகரத்தின் கிழ அரசன். ஆயுள் முழுக்கச் சீராக வாழ்ந்து, கடைசியில் பிள்ளைகளையும் ஊரையும் பறிகொடுத்தவன். அவனை யூதைமோன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த படியில்தான் பதில் இருக்கிறது. நல்ல செருப்புத் தைப்பவன் கையில் கிடைத்த தோலை வைத்து, அதில் தைக்கக்கூடிய மிக நல்ல செருப்பைத் தைப்பான். அதுபோல நல்ல குணம் உள்ளவன் வந்த விதியை வைத்து, செய்யக்கூடியதில் சிறந்ததைச் செய்வான். இழிவானதைச் செய்ய மாட்டான். அதனால் அவன் ஒருபோதும் பரிதாபத்துக்குரிய ஈனன் ஆக மாட்டான். யூதைமோன் என்ற இடத்திலிருந்து அதிர்ஷ்டம் அவனைக் கீழே இறக்கலாம். அடிமட்டம் வரை தள்ள முடியாது.

ஆக, நல்லவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. கஷ்டப்படும் நல்லவரையும், கஷ்டப்படும் கெட்டவரையும், சுகமாக இருக்கும் கெட்டவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறார். எனக்கு ஸ்டோயிக்குகளை விட இது நேர்மையாகப் படுகிறது. சிறையிலும் நோயிலும் கிடப்பவர்களுக்கு ஸ்டோயிக்குகள்தான் கைகொடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை; அடிமையாக இருந்து ஆசிரியரான எபிக்டீட்டஸ் ஸ்டோயிக்குகளில் ஒருவர்.

இன்னொரு கிரேக்கத் தத்துவவாதியான எபிகூரஸை விட்டுவிட்டால் அவரைப் பிடித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இன்பமே குறிக்கோள் என்றவர், ஆனால் ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவர். ஒரு சின்னப் பானைப் பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது விருந்து சாப்பிடுகிறேன் என்று நண்பருக்கு எழுதியவர். கி.மு. 270இல் சிறுநீர் அடைத்து உயிர் போகும் வலியில் எழுதிய கடைசிக் கடிதத்தில், நாம் பேசிக்கொண்டிருந்தவற்றை நினைக்கும் சந்தோஷம் இந்த வலி எல்லாவற்றுக்கும் எதிரே நிற்கிறது என்கிறார். கூடவே, இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

அரிஸ்டாட்டிலிடம் குறை இல்லாமல் இல்லை. நல்ல பழக்கம் சின்ன வயதிலிருந்தே வர வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார். வளர்ப்பு சரியாக அமையாதவன் என்ன செய்வான் என்பதற்கு அவரிடம் அதிகம் இல்லை. பத்தாம் பகுதியில் திடீரென்று, எல்லாவற்றிலும் உயர்ந்தது சிந்தனை வாழ்க்கைதான் என்று திரும்புகிறார். ஒன்பது பகுதி ஊரோடு வாழ்வதைச் சொன்னவர் ஏன் இப்படி முடித்தார் என்று இன்றுவரை சண்டை. எல்லாவற்றையும் விட மோசம், இயல்பிலேயே அடிமையாகப் பிறந்தவர்கள் உண்டு என்று "அரசியல்" நூலில் எழுதியது. நல்ல வாழ்வின் கதவை எத்தனை பேருக்குச் சாத்தினார் என்று பார்த்தால் வாய் அடைத்துப்போகும். அவருடைய உயில் என்று நமக்கு வந்திருக்கும் வாசகத்தில், தனக்குப் பணிவிடை செய்த பையன்களில் யாரையும் விற்கக் கூடாது, வயது வந்ததும் தகுதிப்படி விடுவிக்க வேண்டும் என்று இருக்கிறது.

படிக்க நினைத்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாம் பகுதி, பழக்கமும் குணமும் பற்றியது, சின்னது, அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு நட்பைப் பற்றிய எட்டும் ஒன்பதும். மற்ற எல்லாம் இருந்தாலும் நண்பர்கள் இல்லாமல் வாழ யாரும் விரும்ப மாட்டார்கள் என்று எட்டு தொடங்கும். சேர்ந்து உப்புத் தின்றிராமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற கிரேக்கப் பழமொழியும் அங்கேதான் வருகிறது.